அறிதிறன் நெகிழ்வு

அறிதிறன் நெகிழ்வு என்பது சூழலோ விதியோ மாறும்போது அதற்கேற்பத் தன் சிந்தனைப் போக்கை மாற்றிக்கொள்ளவும், ஒரே பொருளை ஒன்றுக்கு மேற்பட்ட கோணங்களில் நோக்கவும் மனிதருக்கு உள்ள ஆற்றல் ஆகும். உளவியலில் இது, செயல்படு நினைவு, உந்துதலைத் தடுத்து நிறுத்தும் திறன் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது. பழைய வழியை விடுவதற்கு முதலில் அதன் மீதான உந்துதலை அடக்க வேண்டும். புதிய வழியில் செல்வதற்கு அதனை நினைவில் நிறுத்த வேண்டும். ஆகவே மற்ற இரண்டும் இன்றி நெகிழ்வு அமைவதில்லை. நிலையின்றி அடிக்கடி கருத்தை மாற்றிக்கொள்வது நெகிழ்வு ஆகாது.

அளக்கும் முறைகள்

இத்திறனை அளக்கப் பரவலாகப் பயன்படுவது விசுக்கான்சின் அட்டை வகைப்பாட்டுச் சோதனை ஆகும். டேவிட் கிராண்ட், எஸ்டா பெர்க் ஆகியோர் 1948 இல் இதனை வெளியிட்டனர். அட்டைகளை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டு பிரிக்க வேண்டும். எதைக் கொண்டு என்பது சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் சரி, தவறு என்று மட்டும் கூறப்படும். தொடர்ந்து பத்து முறை சரியாகப் பிரித்தபின் விதி முன்னறிவிப்பின்றி மாற்றப்படும். மூளையின் முன்மடலில் பாதிப்புற்றோர் சிலர், தவறு என்று கூறப்பட்ட பின்னரும் பழைய விதியையே பற்றிக்கொண்டிருந்ததை மொண்ட்ரியாலில் பணியாற்றிய பிரெண்டா மில்னர் 1963 இல் எடுத்துக்காட்டினார்.

மூளை பாதிப்பு இல்லாதவரும் இவ்வாறு சிக்கிக்கொள்வதுண்டு. அபிரகாம் லூச்சின்ஸ் 1942 இல் வெளியிட்ட நீர்க்குடச் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 21, 127, 3 அலகு கொள்ளும் மூன்று குடங்களைக் கொண்டு 100 அலகு நீரை அளக்க வேண்டும். பெரிய குடத்தை நிரப்பி, அதிலிருந்து முதற்குடத்தால் ஒரு முறையும் சிறிய குடத்தால் இரு முறையும் வெளியேற்றினால் விடை கிடைக்கும். இதே வழியில் தீரும் பல கணக்குகளுக்குப் பிறகு 23, 49, 3 அலகுக் குடங்கள் தரப்பட்டு 20 அலகு கேட்கப்பட்டது. 23 இலிருந்து 3 ஐக் கழித்தாலே போதும். எனினும் பழகியவர்களுள் பெரும்பாலோர் 49 இலிருந்து தொடங்கி நீண்ட வழியிலேயே சென்றனர். பழகாதவர்களோ குறுகிய வழியை எளிதில் கண்டனர். பயிற்சியே கண்ணை மறைக்கும் என்பது, ஒரே வகைக் கணக்கை நூறு முறை போடச் சொல்லும் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி.

சிறுவர்களிடையே பிலிப் செலாசோவும் உடனாய்வாளர்களும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அட்டைகளை நிறப்படி பிரித்துவந்த மூன்று வயதுக் குழந்தைகளிடம் இனி வடிவப்படி பிரிக்குமாறு கூறப்பட்டது. புதிய விதி யாது எனக் கேட்டால் அவர்கள் சரியாகவே விடை கூறினர். ஆனால் கை பழையபடி நிறத்தையே பார்த்துப் பிரித்தது. ஐந்து வயதளவில் இத்தடுமாற்றம் பெரும்பாலும் நீங்குகிறது. விதியை அறிவதும் அதன்படி மாறுவதும் ஒன்றல்ல என்பது இதனால் தெரிகிறது.

துண்டுப்புதிர் வகுப்பறை

நெகிழ்வு தனி மனித முயற்சியால் மட்டும் வளர்வதில்லை. வேறு விதமாகச் சிந்திக்கும் ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டிய கட்டாயம் அதனை வளர்க்கிறது. இதனைக் கல்விமுறையாக ஆக்கியவர் எலியட் ஆரன்சன். 1971 இல் ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்து ஆசுட்டின் நகரப் பள்ளிகளில் இனப்பிரிவினை நீக்கப்பட்டு, வெள்ளை, கறுப்பின, மெக்சிக்க அமெரிக்க மாணவர் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். பகைமையும் கைகலப்பும் எழுந்தன. உதவி கோரப்பட்ட ஆரன்சனும் மாணவர்களும் வகுப்புகளை உற்றுநோக்கி, ஒருவன் விடை தெரியாது விழிக்கும்போது மற்றவர் மகிழும் வகையிலான போட்டியே சிக்கலைப் பெருக்குகிறது என்ற முடிவுக்கு வந்தனர்.

அவர்கள் வகுப்பை ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தனர். பாடமும் அத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி மட்டுமே கிடைக்கும். ஒரே பகுதியைப் பெற்ற வெவ்வேறு குழுவினர் முதலில் கூடிக் கலந்து பேசுவர். பின்னர் தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்க்குக் கற்பிப்பர். தேர்வோ முழுப் பாடத்திலும் நடக்கும். எனவே அருகில் இருப்பவன் சொல்வதைக் கேளாமல் எவரும் தேற முடியாது.

ஆங்கிலத்தில் தடுமாறிய ஒரு மெக்சிக்க அமெரிக்கச் சிறுவனைக் குழுவினர் முதலில் ஏளனம் செய்தனர். ஏளனம் தேர்வில் உதவாது, அவனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தேவை என்று உதவியாளர் நினைவூட்டினார். சில நாள்களில் அவர்கள் ஏளனத்தை விட்டு, அவனிடமிருந்து செய்தியை வெளிக்கொணரும் கேள்விகளைக் கேட்கக் கற்றனர். அவனும் இயல்பாகப் பேசலானான். தான் பழகிய வழி பயன் தராதபோது வேறு வழிக்கு மாறுவதற்கு இதனைவிடத் தெளிவான காட்சி ஆய்வுக்கூடத்தில் கிடைப்பது அரிது.

டயான் பிரிட்ஜ்மன் 1981 இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. ஐந்தாம் வகுப்பு மாணவரிடம் ஒரு படத்தொடர் காட்டப்பட்டது. சிறுவன் ஒருவன் வானூர்தி நிலையத்தில் தந்தையை வருத்தத்தோடு வழியனுப்புகிறான். பின்னர் அஞ்சல்காரர் தந்த பொதியில் பொம்மை வானூர்தியைக் கண்டு அழுகிறான். அவன் ஏன் அழுகிறான் என்பதை ஏறத்தாழ அனைவரும் சரியாகக் கூறினர். அஞ்சல்காரர் என்ன நினைப்பார் என்ற கேள்வியே தடையாயிற்று. வழமையான வகுப்பில் பயின்றோர் பலர், தமக்குத் தெரிந்த காரணம் அவருக்கும் தெரியும் என்று கருதினர். துண்டுப்புதிர் முறையில் பயின்றோர், அவர் வானூர்தி நிலையத்தைக் கண்டதில்லை என்பதை நினைவிற்கொண்டு விடையளிப்பதில் மேம்பட்டு நின்றனர்.

குழுக்கள் தவறும் இடங்கள்

குழுவாக அமர்வதால் மட்டும் நெகிழ்வு வந்துவிடாது. ஸ்டாசரும் டைட்டசும் 1985 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் தலைவர் பதவிக்குரிய வேட்பாளரை நால்வர் குழுக்கள் தேர்ந்தெடுத்தன. சிறந்த வேட்பாளரைப் பற்றிய நற்செய்திகள் உறுப்பினரிடையே சிதறலாகப் பகிரப்பட்டிருந்தன. குழுக்களோ எல்லோருக்கும் முன்பே தெரிந்ததையே மீண்டும் மீண்டும் பேசி, பெரும்பாலும் அவரைத் தவறவிட்டன. செயல்திட்ட வேலைக்காகக் கூடும் மாணவர் குழுக்களிலும் இந்நிலையைக் காணலாம்.

மாற்றுக் கருத்து உடையவர் ஒருவர் இருப்பின் குழு பல கோணங்களில் சிந்திப்பதைச் சார்லன் நெமத்தின் ஆய்வுகள் காட்டின. அவர் கருத்து தவறாக இருந்தாலும் இப்பயன் கிடைக்கிறது. எனினும் எதிர்ப்பது போல் நடிக்கப் பணிக்கப்பட்டவரால் இத்துணைப் பயன் விளைவதில்லை என 2001 இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

உயர்கல்வியில்

ராண்ட் ஸ்பைரோவும் குழுவினரும் 1988 இல் அறிதிறன் நெகிழ்வுக் கோட்பாட்டை முன்வைத்தனர். மருத்துவ மாணவர் சிக்கலான கருத்துகளை ஒரே உவமையால் எளிமைப்படுத்திப் பயில்வதும், அந்த எளிமையே பின்னர் பிழையாக நிலைத்துவிடுவதும் அவர்கள் கவனத்தை ஈர்த்தன. ஒரே கருத்தை வெவ்வேறு நோயாளிகளின் நிலைகள் வழியாகப் பல முறை, பல திசைகளிலிருந்து அணுக வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை.

நெகிழ்வை வளர்ப்பதாக விற்கப்படும் கணினி விளையாட்டுகளைப் பொறுத்தவரை, ஒத்த விளையாட்டுகளில் திறன் கூடுவது உண்மை. படிப்பிலும் வாழ்விலும் அது பயன்படுவதற்கான சான்றுகள் வலுவற்றவை.