விமானக் கட்டணக் கழிவும் விடுதி அறையும்



“எமது ஹோட்டலில் நான்கு இரவுகள் தங்குவோருக்கு விமானக் கட்டணத்தில் பாதி கழிவு” என்னும் பாங்கில் அமைந்த விளம்பரங்களை இந்நாளில் காணாதவர் அரியர். கொழும்பு மாநகரத்தாருக்கு மட்டுமன்றி, ஒலுவில் துறைமுகத்தை அடுத்த கரையோர ஊர்களாகிய நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, கல்முனை ஆகியவற்றில் வாழ்வோரின் கைத்தொலைபேசிக்கும் அவை நாள்தோறும் வந்து சேர்கின்றன. அவற்றுட் சில துபாயையோ கோலாலம்பூரையோ காட்டி அழைப்பவை. வேறு சில, மக்காவிலும் மதீனாவிலும் தங்குமிடத்தையும் விமானச்சீட்டையும் ஒன்றாக்கித் தரும் உம்றாப் பயண ஏற்பாடுகள். பெரும்போக அறுவடையில் மிஞ்சியதையும், மத்திய கிழக்கில் உழைக்கும் மகன் அனுப்பியதையும் பல்லாண்டு சேர்த்துவைத்துப் புறப்படும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று. இக்கழிவு மெய்யான ஆதாயந்தானா, அன்றி வெறுந் தோற்றமா என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலாவதாக, பிறருக்குச் சலுகை வழங்க ஒரு வணிகர் ஏன் முன்வருகிறார் என்பதை அறிதல் வேண்டும். காலையிற் பிடித்த மீன் மாலைக்குள் விற்கப்படாவிடின் அதன் கதி யாதென்பதை நம் கரையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விமான ஆசனமும் விடுதி அறையும் அத்தன்மையனவே. விமானம் மேலெழுந்த பின்னர் வெற்று ஆசனத்தை விற்றல் இயலாது. விடிந்த பின்னர் முன்னிரவின் அறையை விற்றல் இயலாது. ஆகவே கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட இருசாராரும் விரும்புவர். எனினும் விலையை வெளிப்படையாகக் குறைத்தால், முழுக் கட்டணம் செலுத்தத் தயாராயிருப்பவரும் குறைந்த விலையையே கேட்பார். ஆதலின் குறைந்த விலையை மற்றொரு பொருளோடு கட்டி மறைத்து விற்கும் வழக்கம் தோன்றியது.

இவ்வழக்கம் புதியதன்று. 1950ஆம் ஆண்டிலே விளாடிமிர் ரைற்ஸ் என்பவர், தாம் இலண்டனில் நிறுவிய ‘ஹொரைசன் ஹொலிடேய்ஸ்’ என்னும் கம்பனியின் மூலம், கோர்சிக்காத் தீவிலுள்ள கல்வி என்னும் பட்டினத்துக்கு விமானப் பயணம், கூடாரத்தில் தங்கல், உணவு ஆகிய மூன்றையும் சேர்த்து 32 பவுண் 10 ஷில்லிங்குக்கு விற்றார். அக்காலத்தில் விமானக் கட்டணங்கள் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடுகளில் தீர்மானிக்கப்பட்டு, அரசாங்கங்களின் அங்கீகாரத்துடன் நடைமுறைக்கு வந்தன. அவற்றைத் தனியாகக் குறைத்தல் எளிதாயிருக்கவில்லை. தங்குமிடத்தோடு சேர்த்து விற்றபோதோ, முழுப் பயணத்தின் விலையே வழக்கமான விமானச்சீட்டின் விலையிலும் குறைவாயிற்று. ஆகவே, சேர்த்து விற்பதெல்லாம் ஏமாற்றென்று ஒதுக்கிவிடுதல் தவறு. மெய்யாகவே மலிவான ஏற்பாடுகள் உண்டு.

ஆனால் மற்றொரு வகையும் உண்டு. அதில் விமானக் கட்டணத்திற் குறைத்த தொகை, அறை வாடகையில் ஏற்றப்பட்டிருக்கும். இவ்விருவகையையும் பிரித்தறிவதற்கு எளிய கணக்கொன்று போதும். உதாரணமாகச் சில தொகைகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் தனியே நான்கு இரவுகள் தங்கச் செல்கிறார். சலுகை தரும் ஹோட்டலில் ஓர் இரவுக்கு 40,000 ரூபா. அதே தரமுள்ள வேறொரு ஹோட்டலில் 28,000 ரூபா. விமானச்சீட்டின் விலை 90,000 ரூபா. சலுகையின்படி 45,000 ரூபா. சலுகையை ஏற்றால் அறைக்கு 160,000, சீட்டுக்கு 45,000, ஆக 205,000 ரூபா. தனித்தனியே வாங்கினால் 112,000, 90,000, ஆக 202,000 ரூபா. பாதிக் கட்டணம் என்று மகிழ்ந்து சென்றவர் 3,000 ரூபா அதிகமாகவே கொடுத்திருக்கிறார்.

இனி, கணவனும் மனைவியும் ஒரே அறையில் தங்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அறையின் செலவு மாறாது, சீட்டுகள் இரண்டாகின்றன. சலுகையின்படி மொத்தம் 250,000 ரூபா. தனித்தனியே வாங்கின் 292,000 ரூபா. இங்கு 42,000 ரூபா மெய்யாகவே மிஞ்சுகிறது. அதே தம்பதியர் பத்து இரவுகள் தங்குவாராயின், சலுகையின்படி 490,000 ரூபாவும், தனித்தனியே 460,000 ரூபாவும் ஆகும். ஆதாயம் நட்டமாக மாறிவிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் விதி யாதெனில்: ஓர் இரவுக்கு அறை வாடகையிலுள்ள வித்தியாசத்தை இரவுகளின் எண்ணிக்கையாற் பெருக்குக, ஒரு சீட்டில் கிடைக்கும் கழிவைப் பயணிகளின் எண்ணிக்கையாற் பெருக்குக, பின்னது பெரிதாயின் சலுகை பயனுடையது, முன்னது பெரிதாயின் பயனற்றது. ஓர் அறையில் பலர் சேர்ந்து சில நாட்களே தங்குவோருக்கு இத்தகைய சலுகை பெரும்பாலும் நன்மை தரும். தனியாகச் சென்று நெடுநாள் தங்குவோருக்கு அவ்வளவாகத் தராது.

இக்கணக்கைப் போடும்போது இரண்டு சொற்களிற் கவனம் வேண்டும். ஒன்று, கழிவு பயணிகள் அனைவருக்குமா, அறைக்கு ஒருவருக்கு மாத்திரமா என்பது. ஒருவருக்கு மட்டுமாயின், மேற்கூறிய தம்பதியரின் நான்கு நாட் பயணத்தில் 42,000 ரூபா ஆதாயம் மறைந்து 3,000 ரூபா நட்டம் தோன்றும். மற்றையது, கழிவு முழுக் கட்டணத்திலா, வரிகளும் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் நீங்கிய அடிப்படைக் கட்டணத்தில் மாத்திரமா என்பது. 2023ஆம் ஆண்டு ஹொங்கொங் 500,000 விமானச்சீட்டுகளை உலக மக்களுக்கு இலவசமாக வழங்கியபோதும், வரிகளையும் மேலதிகக் கட்டணங்களையும் சீட்டைப் பெற்றவர்களே செலுத்த வேண்டியிருந்தது.

அடுத்து, பட்டியலில் எழுதப்படாத செலவுகளைக் கருதுவோம். ஒரு பொருளின் விலை வேறு, அதனைப் பயன்படுத்துவதற்கு ஆகும் செலவு வேறு என்பதற்கு ஒலுவில் துறைமுகமே தக்க சான்று. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் வாயிலை மணல் மூடியதால், அதனை அகழ்ந்து அகற்றும் செலவு திரும்பத் திரும்ப எழுந்தது. மீன்பிடிப் படகுகளும் உட்புக இயலாதிருந்த காலங்கள் உண்டு. கரையோரத்தைக் கடல் அரித்தமையால் அயலூர்க் காணிகளும் தென்னைகளும் அழிந்தன. கட்டுமானத்தின் விலையை மட்டும் பார்த்தவர் துறைமுகத்தின் முழுச் செலவையும் கண்டவராகார்.

விமானச்சீட்டும் அவ்வாறே. விளம்பரத்தின் விலை கட்டுநாயக்காவிலிருந்து தொடங்குகிறது. நம்முடைய பயணமோ வீட்டு வாயிலிலிருந்து தொடங்குகிறது. மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்டபோதிலும், மக்காவுக்கோ வளைகுடாவுக்கோ செல்ல விழைவோர் கட்டுநாயக்காவுக்கே போதல் வேண்டும். ஒலுவிலிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழி. சலுகைச் சீட்டுகள் பெரும்பாலும் நள்ளிரவு, அதிகாலை முதலிய பிறர் விரும்பாத வேளைகளுக்கே கிடைக்கும். குடும்பத்துக்கு வான் வாடகை, வழியிற் சாப்பாடு, விமானம் தவறாதிருக்க நீர்கொழும்பில் ஓர் இரவுத் தங்கல் ஆகியன சேர்ந்தால், கிடைத்த கழிவின் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். வேறு நாளில், வேறு வேளையிற் செல்லும் முழுக் கட்டணச் சீட்டு சில சமயம் மலிவாய் முடிவதும் உண்டு.

உம்றாப் பயணத்தில் மேலும் சில நுட்பங்கள் உள. அங்கு அறையின் விலையைத் தீர்மானிப்பது கட்டிலும் மெத்தையுமல்ல. ஹறம் ஷரீபுக்கும் விடுதிக்கும் இடையிலுள்ள தூரமே. “ஹறத்துக்கு அண்மையில்” என்னும் சொல்லுக்கு அளவில்லை. எத்தனை மீற்றர், நடந்து செல்லும் வழியா, பஸ்ஸில் ஏற வேண்டுமா என்று கேட்டறிதல் வேண்டும். முழங்கால் நோவுடைய மூத்தோருக்கு நாளொன்றுக்கு ஐந்து வேளை போய்வரும் தூரம் அற்பமன்று. ஓர் அறையில் நால்வரா, இருவரா என்பதும் எழுத்தில் இருத்தல் நன்று. றமழான் மாதத்தில் அறைகளின் வாடகை பெரிதும் உயருமாதலால், ஒரே மாதத்து விலைகளையே ஒப்பிடல் வேண்டும்.

இனி, சேர்த்து வாங்குவதன் மெய்யான பயன் விலையில் மாத்திரம் இல்லை, பொறுப்பிலும் உண்டு. 2019 செப்டெம்பர் 23இல் தோமஸ் குக் என்னும் பழம்பெரும் பிரித்தானியப் பயண நிறுவனம் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 150,000 பிரித்தானியர் வெளிநாடுகளில் இருந்தனர். விமானத்தையும் தங்குமிடத்தையும் ஒரே பொதியாக வாங்கியோரை அந்நாட்டின் ‘அட்டோல்’ என்னும் காப்புத் திட்டம் தாங்கியது. அக்காப்பின்றித் தங்குமிடத்தை மட்டும் வாங்கியிருந்தோர் கடனட்டைக் கம்பனியையும் காப்புறுதியையும் நாட வேண்டியவராயினர். எனவே, பயணம் தடைப்பட்டால் யார் பொறுப்பு என்று கேட்பது சந்தேகப் புத்தியன்று, வாங்குவோரின் கடமை. 2020 பெப்ரவரி 27இல் சவூதி அரேபியா பெருந்தொற்றின் காரணமாக வெளிநாட்டு உம்றா யாத்திரிகரின் வருகையை இடைநிறுத்தியது. அத்தகைய வேளையில் விமானக் கம்பனி ஒருபுறமும் விடுதி மறுபுறமும் கைகாட்டினால் இடையில் நிற்பவர் யாத்திரிகரே. சலுகைச் சீட்டு பெரும்பாலும் நாள் மாற்ற இயலாததாயும் பணம் மீளாததாயும் இருக்கும். சுகவீனமோ குடும்பத்தில் ஒரு மரணமோ நேரின், மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காகப் பல இலட்சம் போய்விடலாம்.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் செய்யத்தக்கவை இவை. முகவர் பதிவு பெற்றவரா என்பதை இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிலும், ஹஜ், உம்றா விடயமாயின் முஸ்லிம் சமய, பண்பாட்டலுவல்கள் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும். அதே நாட்களுக்கு அதே தரமுள்ள அறையின் விலையையும் சீட்டின் விலையையும் தனித்தனியே கேட்டு, வீட்டு வாயிலிலிருந்து திரும்பி வரும்வரை ஆகும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பணம் மீளும் நிபந்தனையையும், விடுதியின் பெயரையும், விமானத்தின் நாளையும் எழுத்தில் பெற்றுப் பற்றுச்சீட்டோடு பேணல் வேண்டும். “இன்றிரவோடு சலுகை முடிகிறது” என்னும் அவசரத்துக்கு இடங்கொடுத்தல் ஆகாது. கணக்குப் பார்க்க ஓர் இரவு அவகாசம் தர மறுப்பவர், பயணம் தடைப்பட்டால் பணம் மீளத் தருவார் என்று நம்புதல் அரிது.

முடிவாகக் கூறுமிடத்து, இச்சலுகைகள் எல்லாம் நன்றென்றோ எல்லாம் தீதென்றோ தீர்ப்பளித்தல் இயலாது. சலுகை இல்லாதிருந்தாலும் அவ்விடத்துக்கு, அந்நாட்களில், அத்தகைய விடுதிக்கே போயிருப்பீர்களாயின், கூட்டுத்தொகையும் குறைவாயின், தயங்காது ஏற்றுக்கொள்ளலாம். சலுகைக்காகவே நாளையும் விடுதியையும் மாற்றி, இரவுகளையும் கூட்டுவீர்களாயின், மிச்சம் பிடித்ததாக எண்ணிக்கொண்டே செலவைப் பெருக்கினவராவீர்கள். எவ்வளவு குறைத்தார்கள் என்பதை விளம்பரம் சொல்லும். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாமே கூட்டிப் பார்த்தல் வேண்டும்.