இறந்த கொசு சொல்லும் செய்தி

கொசு அற்ப ஜந்துதான். ஆயினும் அது ஒரு தேசத்துக்கு இழைக்கும் நாசம் அற்பமன்று. பாரதம் விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டை ஒட்டி, வருஷந்தோறும் ஏறக்குறைய 7.5 கோடி ஜனங்களை மலேரியா பீடித்தது என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். 1961-ல் நோயாளிகளின் தொகை சுமார் 50,000 ஆகக் குறைந்தது. பகை ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1976-ல் அத்தொகை 64 லட்சத்தைத் தாண்டிற்று!

இதற்குக் காரணங்கள் பல. பணமும் குறைந்தது, கவனமும் குறைந்தது. அவற்றோடு, கொசுவை டி.டி.டி. கொல்லாமற் போனதும் ஒரு காரணம். கொசு விஷத்துக்குப் பழகிவிட்டது என்கிறோம். உண்மையில் அது பழகுவதில்லை. விஷத்தைத் தாங்கவல்ல ஒன்றிரண்டு பிறவியிலேயே கூட்டத்தில் இருக்கின்றன; மற்றவை மடிய, அவற்றின் சந்ததியே பெருகுகிறது.

கொசுவின் நரம்பில் திறந்து மூடும் நுண்ணிய வாயில்கள் உண்டு. டி.டி.டி. அவற்றை மூடவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். கொசு துடித்து விழும். அவ்வாயிலின் அமைப்பில் 1014-ஆம் இடத்தில் ஒரே ஒரு கூறு மாறினால், விஷத்தின் பிடி நழுவுகிறது. சாமந்தி இனத்துப் பூவின் விஷத்தைப் பின்பற்றிச் செய்து, கொசுவலைகளில் ஏற்றுகிறார்களே, அந்தப் பைரித்ராய்டு மருந்தும் இதே வாயிலைத்தான் தாக்குகிறது. ஆகவே ஒரே மாறுதல் இரண்டு மருந்துகளுக்கும் கேடயமாகிறது.

இதைக் கண்டறியும் பழைய முறை எளியது. மருந்து தோய்ந்த காகிதத்தருகில் கொசுக்களை ஒரு மணி நேரம் வைத்து, மறுநாள் எண்ணுவார்கள். 100-க்கு 98 இறந்திருந்தால் மருந்து பலிக்கிறது என்று கொள்வார்கள். இங்கேதான் சூது இருக்கிறது. ஒவ்வொரு கொசுவும் மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகள் பெறுகிறது. இரண்டும் மாறியிருந்தால்தான் பெரும்பாலும் பிழைக்கும். கூட்டத்திலுள்ள பிரதிகளில் பத்தில் ஒன்று மாறியிருப்பதாகக் கொள்வோம். கணக்குப்படி 100 கொசுக்களில் பிழைப்பது 1. மாறுதலை மறைவாகச் சுமப்பவை 18. பழைய சோதனையோ, 99 இறந்தன, கவலையில்லை என்று சொல்லிவிடும்!

மரபணுச் சோதனைக்கு இறந்த கொசுவின் ஒரு கால் போதும். அதிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, சூடேற்றியும் குளிர்வித்தும், வேண்டிய பகுதியை மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கி, அந்த ஓரிடத்தைப் படித்துவிடுகிறார்கள். மறைந்திருந்த 18-ம் அகப்பட்டுவிடும். நம் கிராமங்களில் மலேரியாவை மிகுதியும் பரப்பும் கொசுவினத்தில், இன்றைய ஒடிஸாவில் பிடித்தவற்றை இவ்விதம் ஆராய்ந்து, அதே 1014-ஆம் இடத்தில் இருவகை மாறுதல்கள் இருப்பதை 2010-ல் வெளியிட்டனர்.

இச்சோதனையே போதும் என்பதில்லை. வாயில் மாறாமலே, உடலிலுள்ள நொதிகளால் விஷத்தைச் சிதைத்துவிடும் கொசுக்களும் உண்டு. ஆகவே காகிதச் சோதனையும் வேண்டும். மரபணுச் சோதனையும் வேண்டும். மருந்து தோற்ற பிறகு மாற்றுவதால் பயனில்லை. தோற்கப் போகிறது என்று அறிந்தவுடனே மாற்றவேண்டும். 1976-ல் நாம் கொடுத்த விலையை மறுமுறையும் கொடுக்காதிருக்க இதுவே வழி.