இது யாருடைய ரத்தம்?

பழனி முருகன் குடியிருக்கும் மாவட்டத்தில் அவர் பெயரைத் தாங்கியவர்களுக்குப் பஞ்சமில்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் இடத்தில் நின்று "பழனியம்மா" என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். பழனிச்சாமி, தண்டபாணி, முருகேசன், வேல்முருகன் என்று ஆண்கள் வரிசையிலும் அப்படித்தான். ஆரோக்கியசாமிகளும் சவரிமுத்துகளும் உண்டு. பேகம்பூர்ப் பக்கமிருந்து வரும் அப்துல் காதர்களும் உண்டு. இனிஷியலைச் சேர்த்தாலும் குழப்பம் தீராது, அப்பாக்களும் அதே பெயர்க் கூட்டத்தில் பிறந்தவர்கள்தானே. வயதைக் கேட்டால் "அம்பது அம்பத்தஞ்சு இருக்கும்" என்று பதில் வரும். பெயரை ஆங்கிலத்தில் தட்டும்போது ஒருவர் ஒற்றையாய் விட்ட எழுத்தை இன்னொருவர் இரட்டிப்பார்.

ஆனாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, கூட வந்த மகள் இருக்கிறாள். ஊசி வழியே வெளியே வந்துவிட்ட மூன்று மில்லி ரத்தத்துக்கு இவை எதுவும் கிடையாது. ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்களை அருகருகே வைத்துவிட்டால் எது யாருடையது என்று அதை எடுத்தவராலேயே சொல்ல முடியாது. எல்லார் ரத்தமும் சிவப்புதான் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ஆய்வகத்தில் அதுவே பெரிய ஆபத்து.

அந்த ஆபத்தைத் தடுக்கத்தான் குழாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் கோடு போட்ட லேபிள். நோயாளியின் விவரமெல்லாம் அந்தக் கோடுகளுக்குள் ஒளிந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது ஓர் எண், அவ்வளவுதான். பெயர், வயது, வார்டு, என்னென்ன பரிசோதனை என்பதெல்லாம் ஆய்வகக் கணினியில் அந்த எண்ணுக்கு நேரே காத்திருக்கின்றன. ஒரு எண் ஒரு குழாய்க்கு மட்டும். பழனியம்மாள் எத்தனை பேர் வந்தாலும் எண் திரும்ப வராது.

கோடுகளைப் படிக்கும் விதம் அழகானது. ஸ்கேனரிலிருந்து பெரும்பாலும் சிவப்பு ஒளி பாய்கிறது. கறுப்புக் கோடு அதை விழுங்குகிறது, வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கம் மின்துடிப்பாக மாறுகிறது. ஒரு கோடு எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேனர் அளப்பதில்லை. பக்கத்துக் கோட்டைப் போல எத்தனை மடங்கு என்று மட்டும் பார்க்கிறது. அதனால் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலும் கிட்டே பிடித்தாலும் விடை மாறாது. ஒளி சிவப்பாக இருப்பதால் ஒரு வேடிக்கையும் உண்டு: கோடுகளைச் சிவப்பு மையில் அச்சடித்தால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஸ்கேனருக்கோ அவை வெள்ளைத் தாளோடு கரைந்து காணாமல் போய்விடும்.

கோடுகளால் எழுதும் யோசனை நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற அமெரிக்கருக்கு 1940களின் கடைசியில் மயாமி கடற்கரையில் தோன்றியது. தந்தி மொழியின் புள்ளியையும் கோட்டையும் நினைத்தபடி மணலில் விரல்களை இழுத்தார். பெர்னார்ட் சில்வருடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமைக்கு ஆண்டு 1952. கடையில் முதன்முதலாகப் படிக்கப்பட்ட பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட், ஓஹையோ மாநிலத்தில், 1974 ஜூன் 26 அன்று. மளிகைக்கடையின் அவசரத்துக்காகப் பிறந்த இந்த எழுத்து, என் பார்வையில், தன் தகுதிக்கேற்ற வேலையை ரத்தக் குழாயின் மேல்தான் கண்டடைந்தது.

ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்குவது 1981இல் வந்த 'கோட் 128' என்ற வகை. அதில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று கறுப்புக் கோடுகள், மூன்று வெள்ளை இடைவெளிகள். ஆறும் சேர்ந்து எப்போதும் 11 அலகு அகலம். வெறும் எண்களாக இருந்தால் இரண்டிரண்டு இலக்கங்களை ஒரே குறியில் அடைக்கலாம். பத்து இலக்க எண்ணுக்கு ஐந்து குறிகள், தொடக்கக் குறி ஒன்று, சோதனைக் குறி ஒன்று, 13 அலகு கொண்ட முடிவுக் குறி ஒன்று. மொத்தம் 90 அலகு. ஓர் அலகுக்குக் கால் மில்லிமீட்டர் என்றால் முழுக்க 22.5 மில்லிமீட்டர். 75 மில்லிமீட்டர் உயரக் குழாயில் வசதியாக அமர்ந்துவிடும்.

அந்தச் சோதனைக் குறியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2715 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். தொடக்கக் குறியின் மதிப்பு 105. முதல் ஜோடி 27ஐ ஒன்றாலும், இரண்டாவது ஜோடி 15ஐ இரண்டாலும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 162. அதை 103ஆல் வகுத்தால் மீதி 59. இந்த 59தான் சோதனைக் குறியாக அச்சாகிறது. ஜோடிகள் இடம் மாறி 1527 ஆகிவிட்டால் கூட்டுத்தொகை 174, மீதி 71. இலக்கங்கள் அதே நான்குதான், ஆனாலும் கணக்கு உதைக்கிறது. திண்டுக்கல் பூட்டில் லீவர்கள் அத்தனையும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் தாழ் நகரும். இங்கேயும் ஒரு குறி பிசகினால் ஸ்கேனர் எண்ணை ஏற்காமல் ஊமையாகிவிடுகிறது. தப்பான பதிலைச் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது ஒரு கருவிக்கு எவ்வளவு பெரிய குணம்!

ஒட்டும் விதத்திலும் நுட்பம் உண்டு. 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் வளைந்தது. கோடுகள் குழாயின் நீளவாக்கில் நின்றால் பாதிக் கோடுகள் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் குழாயை நிமிர்த்தி வைக்கும்போது கோடுகள் ஏணிப்படிகளாகக் கிடைமட்டமாகத் தெரிய வேண்டும். ஒளி மேலிருந்து கீழாக ஓடி எல்லாவற்றையும் படித்துவிடும். அச்சிடும் திசையும் முக்கியம். லேபிள் பிரிண்டரின் சூட்டுத்தலையில் ஒரு புள்ளி செத்துப்போனால் தாள் நகரும் திசையில் ஒரு வெள்ளைக் கீற்று விழும். கோடுகளும் அதே திசையில் இருந்தால் மெல்லிய கோடு ஒன்று முழுதாக அழிந்துபோகலாம். குறுக்கே இருந்தால் எல்லாக் கோடுகளிலும் ஒரு கீறல் மட்டும் விழும், மற்ற இடத்தில் படித்துக்கொள்ளலாம்.

பரிசோதனைக் கருவி தனக்குள் வந்த குழாயின் எண்ணைப் படித்து, "இதற்கு என்ன செய்யட்டும்?" என்று கணினியைக் கேட்கிறது. சர்க்கரையா, யூரியாவா, இரண்டுமா என்ற பதில் வந்த பிறகே ஊசி உள்ளே இறங்குகிறது. முன்பெல்லாம் முதல் குழியில் இவர், இரண்டாம் குழியில் அவர் என்று தாளில் எழுதி வைப்பார்கள். நடுவில் ஒரு குழாய் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேரின் முடிவும் ஓர் இடம் நகர்ந்துவிடும். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்துக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் குழாய்கள் வரும். அங்கே தாளையும் ஞாபகத்தையும் நம்பியிருப்பது நியாயமில்லை.

இத்தனை திறமையும் லேபிள் ஒட்டப்பட்ட பிறகுதான். ரத்தம் எடுக்கும் அந்த அரை நிமிடத்தில் தவறான லேபிள் ஒட்டப்பட்டால், கோடுகள் அந்தத் தவறையும் கடைசிவரை பிசகாமல் காப்பாற்றும். ஆய்வகத் தவறுகளில் பெரும்பங்கு கருவிக்குள் நடப்பதில்லை, குழாய் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால்தான் "நீங்கதானே பழனியம்மா?" என்று கேட்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். காது மந்தமான பாட்டி எதற்கும் "ஆமா சாமி" என்றுதான் தலையாட்டுவார். "உங்க பேரு என்னம்மா? எந்த ஊரு?" என்று கேட்டு அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். லேபிளை அவர் எதிரிலேயே ஒட்ட வேண்டும். பத்துக் குழாய்களை மேசைக்குக் கொண்டுபோய் மொத்தமாக ஒட்டிக்கொள்ளலாம் என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி அல்ல.

ரத்தத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை இது. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் குடகனாற்றின் மேல்படுகையில் நிலத்தடி நீர் கெட்டதை ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தகைய ஆய்வில் ஒரே கிணற்றிலிருந்து குறைந்தது இரண்டு பாட்டில்கள் தேவைப்படும். குரோமியம் போன்ற உலோகங்கள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒன்றில் நைட்ரிக் அமிலம் விடுவார்கள்; குளோரைடு பார்க்கும் மற்றொன்றில் விடமாட்டார்கள். கண்ணுக்கு இரண்டும் தெளிந்த தண்ணீர். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைத் தாண்டிய பாட்டில் எந்தத் தோட்டத்துக் கிணற்றுடையது என்று தெரியாவிட்டால், யாரிடம் போய் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்வது?

லேபிள் இல்லாமல் வந்த குழாயை நல்ல ஆய்வகம் ஏற்காது. "இப்பத்தான் எடுத்தோம், இது அந்தக் குஜிலியம்பாறை அம்மாவோடதுதான்" என்று எடுத்தவரே வந்து சொன்னாலும் திருப்பி அனுப்பிவிடும். அந்த அம்மா மறுபடி பஸ் ஏறி வர வேண்டும், மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். கேட்க இரக்கமற்றதாகத் தோன்றினாலும் அந்தப் பிடிவாதம் அவருக்காகத்தான். இதையும் மீறி ஆள் மாறிப்போன ரத்தத்தைப் பிடிக்கக் கணினியில் ஒரு கடைசி ஏற்பாடு இருக்கிறது. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் ஒருவருக்குச் சில நாட்களுக்குள் பெரிதாக மாறாது, ரத்தம் ஏற்றியிருந்தால் ஒழிய. போன வாரம் 72 ஃபெம்டோலிட்டர் இருந்த பழனியம்மாளுக்கு இன்று 94 என்று வந்தால் கணினி முடிவை நிறுத்திவைத்துக் கொடி காட்டும். அப்போது ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் போன் போகும்: இன்னொரு தடவை பெயர் கேட்டு, இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்புங்கள்.