பாரிசுப் புரட்சியும் கற்பிட்டிக் கோட்டையும்

கற்பிட்டியிலே, புத்தளம் களப்பிற்குக் காவலாக நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1676இல் நிறைவு செய்தனர். முருகைக்கல்லாலான அதன் மதில்கள், களப்பின் வழியாகக் கண்டி இராச்சியம் நடத்திய வணிகத்தைக் கண்காணிப்பதற்கென எழுந்தவை. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கண்டி மன்னர் தீவின் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன்பின் மலைநாட்டார் உண்ணும் உப்புக்கும் ஒல்லாந்தர் தயவு வேண்டியதாயிற்று.

இத்துணை அருமையாகக் காத்த கோட்டை 1795 நவம்பரில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கண்டிப் படை வந்து அதனைக் கைப்பற்றவில்லை. கரையோர மக்கள் கிளர்ந்தெழவுமில்லை. இம்மாற்றத்தின் வேரைக் காண விரும்புவோர் பாரிசு நகருக்கே செல்லவேண்டும்.

1789ஆம் ஆண்டிலே பிரான்சு மக்கள் ஒரு புதிய கொள்கையை உலகுக்கு அறிவித்தனர். ஆட்சிக்கு ஆதாரம் அரசனின் பிறப்பன்று, குடிகளின் இசைவே என்பது அக்கொள்கை. 1792இல் முடியாட்சி ஒழிந்து குடியரசு பிறந்தது. ஆயினும் பன்னிரண்டே ஆண்டுகளில், 1804 டிசம்பர் 2ஆம் நாள், அதே பாரிசில் ஒரு தளபதி பேரரசனாக முடிசூடினான். மன்னனை வீழ்த்திய மக்கள் பேரரசனை எவ்வாறு ஏற்றனர்?

நெப்போலியனின் பேராசையே காரணம் எனக் கூறி அமைவாருளர். அது பாதி உண்மையே. பேராசை கொண்ட தளபதிகள் எல்லா நாட்டிலும் உளர். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவோர் யார் என்பதே ஆராயத்தக்கது. பிரான்சிலே அக்கதவைத் திறந்தவர்கள் குடியரசின் தலைவர்களே.

1792 ஏப்பிரலில் தொடங்கிய போர் விரைவிற் பல நாடுகளோடு மூண்டது. 1793 ஆகத்தில் நாட்டின் ஆடவரனைவரும் படைக்கு உரியர் எனப் பேரவை ஆணையிட்டது. குடிமக்களே படையாகத் திரண்டமை அந்நாளிற் பெரும் புதுமை. எனினும் படை பெருகப் பெருக, அதற்குச் சோறிடவும் சம்பளம் கொடுக்கவும் அரசிடம் பொருளில்லை. அச்சிட்ட காசுத்தாளோ நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. ஆதலாற் படையானது வென்ற நாடுகளில் உண்டு வாழலாயிற்று. பொருளைத் திரட்டி அனுப்பும் தளபதியை அரசு நம்பி நிற்கவேண்டிய நிலை அன்றே தொடங்கியது.

அடுத்த பிழை இதனினும் பெரிது. 1795 ஒக்டோபரிலே பாரிசிற் கலகம் மூண்டபோது, பேரவை இளம் தளபதி நெப்போலியனின் பீரங்கிகளைத் துணைக்கொண்டு அதனை அடக்கியது. 1797இல் தேர்தல் முடிவு தமக்கு உவப்பாயிராமையால், ஆட்சிக்குழுவினர் படையை அழைத்து அத்தேர்தலைப் பல தொகுதிகளிற் செல்லாததாக்கினர். குடிகளின் தீர்ப்பைத் துப்பாக்கியால் மாற்றலாம் என்பதை அரசே கற்றுக்கொடுத்தபின், துப்பாக்கி ஏந்தியவன் அரசின் ஆணைக்குக் காத்திருப்பானா? 1799 நவம்பரிற் படைவீரர் மன்றத்தினுட் புகுந்து பிரதிநிதிகளை வெளியே துரத்தினர். அதன்பின் நடந்த பொதுவாக்கெடுப்பில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிய ஆட்சியை ஆதரித்தனரென அறிவிக்கப்பட்டது. அத்தொகை ஏறத்தாழ இருமடங்காக்கப்பட்டதெனப் பிற்கால ஆய்வாளர் கண்டுள்ளனர். குடிகளின் இசைவு என்னும் சொல் மட்டும் எஞ்சியிருந்தது.

இனி ஒல்லாந்தின் கதைக்கு வருவோம். கற்பிட்டிக்கு வழி அங்கேதான் பிரிகின்றது. 1795 சனவரியிற் பிரெஞ்சுப் படை உறைந்த ஆறுகளைக் கடந்து ஒல்லாந்தினுட் புகுந்தது. அந்நாட்டுப் புரட்சியாளர் அதனை விடுதலைப் படையென வரவேற்றுப் பத்தாவியக் குடியரசை நிறுவினர். அவர்கள் ஆட்சித்தலைவன் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, கியூ என்னுமிடத்திலிருந்து குடியேற்ற நாடுகளின் அதிகாரிகளுக்குக் கடிதம் விடுத்தான். ஆங்கிலப் படைகளை நண்பர்களாகக் கோட்டைகளுள் அனுமதிக்க வேண்டுமென்பதே அதன் செய்தி.

கொழும்பிலே தேசாதிபதி வான் அங்கெல்பேக்கும் அவர் சபையாரும் இருதலைக்கொள்ளி எறும்பாயினர். நாட்டைவிட்டு ஓடிய இளவரசன் சொல்லைக் கேட்பதா, தாயகத்திற் புதிதாய் எழுந்த குடியரசைச் சார்வதா என அவர்கள் தடுமாறிய வேளையில், ஆங்கிலேயர் சென்னையிலிருந்து படையனுப்பினர். ஆகத்திலே திருகோணமலை, செத்தெம்பரிலே யாழ்ப்பாணம், ஒக்டோபரிலே மன்னார், நவம்பரிலே கற்பிட்டி என ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டைகள் வீழ்ந்தன. 1796 பெப்ரவரியிற் கொழும்பும் பணிந்தது. ஒல்லாந்தருக்குக் கூலிப்படையாயிருந்த சுவிற்சர்லாந்துத் த மெயுரோன் படைப்பிரிவு, அதன் உரிமையாளன் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தினாற் பக்கம் மாறிவிட்டது. அச்செய்தியைத் தாங்கிய கடிதம் பாற்கட்டி ஒன்றினுள் மறைத்துக் கொழும்புக்குள் அனுப்பப்பட்டதென ஒரு கதையும் வழங்குகின்றது.

கரையோர மக்களுக்கு வாய்த்ததும் முதலிற் படையாட்சியே. 1796இலிருந்து கிழக்கிந்தியக் கும்பனி சென்னை வழியாக ஆண்டது. பழைய தலைமைக்காரருக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து வந்த அமுல்தார்கள் வரி தண்டினர். தென்னை மரத்துக்கும் வரி விதிக்கப்பட்டது. தென்னையே செல்வமாகிய கரையோரத்தில் அது எத்துணைச் சுமையென்று சொல்லவேண்டியதில்லை. 1797இற் கிளர்ச்சி வெடித்தது. ஆங்கிலேயர் படைகொண்டு அதனை அடக்கியபின் விசாரணைக் குழுவொன்றை அமைத்தனர். அக்குழுவின் தலைவர் வேறெவருமல்லர். பக்கம் மாறிய அந்தப் படைப்பிரிவு உரிமையாளனின் உடன்பிறந்தவரான தளபதி த மெயுரோன். பழைய தலைமைக்காரர் மீண்டனர், வரியும் நீங்கியது. 1798 ஒக்டோபரிலே பிரடெரிக் நோர்த் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியாக வந்திறங்கினார்.

ஐரோப்பாவிலோ, விடுதலை பெற்றதாகக் களித்த ஒல்லாந்தர் அவ்விடுதலைக்குச் செலுத்திய விலை பெரிது. 1795 மே மாத உடன்படிக்கைப்படி பத்துக்கோடி கில்டர் கொடுத்ததோடு, 25,000 பிரெஞ்சு வீரரையும் தம் செலவிற் பேணவேண்டியவராயினர். 1802 மார்ச்சில் அமியேன் நகரிற் சமாதானம் பேசப்பட்டபோது, பிரான்சு தான் இழந்த குடியேற்றங்களை மீளப் பெற்றது; இலங்கையின் கரையோரமோ நட்பு நாடான பத்தாவியக் குடியரசின் கையிலிருந்து பிரித்தானியாவுக்கு நிலையாகக் கொடுக்கப்பட்டது. தோழனின் உடைமையைக் கொடுத்துத் தன் உடைமையை மீட்ட இவ்வாணிகத்தைச் சகோதரத்துவம் என்று அழைத்தல் அரிது. அதே ஆண்டில் நெப்போலியன் வாழ்நாள் முழுவதற்கும் தலைவனானான். 1794இற் குடியரசு ஒழித்த அடிமை முறை பிரெஞ்சுக் குடியேற்றங்களில் மீண்டும் சட்டமாயிற்று. 1806இற் பத்தாவியக் குடியரசே கலைக்கப்பட்டு, ஒல்லாந்து ஓர் இராச்சியமாகி நெப்போலியனின் தம்பி உலூயிக்கு வழங்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் தம்பியும் நீக்கப்பட்டான். ஒல்லாந்து பிரெஞ்சுப் பேரரசின் ஒரு பகுதியாயிற்று.

1815 மார்ச்சு 1ஆம் நாள், எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் மீண்டும் பிரான்சின் கரையில் இறங்கினான். மறுநாள், மார்ச்சு 2இற் கண்டியிலே உடன்படிக்கை கைச்சாத்தாகி, மலைநாடும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வாண்டு யூனில் வாட்டலூப் போர்க்களத்தில் நெப்போலியனின் பேரரசு முடிந்தது. பிரெஞ்சுக்காரரை எதிர்ப்பதற்கெனக் கோட்டைகளைக் கேட்டு வந்தவர்கள் 1948 வரையில் இலங்கையை ஆண்டனர்.