கற்றுக்கொண்டு செவ்வாய்க்குப் போன நாடு

மணிக்கு 1,21,000 கிலோமீட்டர் வேகத்தில் செவ்வாயை நெருங்குகிறது ‘அல் அமல்’ விண்கலம். ஆறு உந்துபொறிகளும் 27 நிமிடம் எரிந்து, அந்த வேகத்தை 18,000 கிலோமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் கலம் கோளைத் தாண்டிப் போய்விடும். பூமியிலிருந்து ஓர் ஆணை போய்ச் சேரவே சுமார் 11 நிமிடம் ஆகும். அதனால் துபாய் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் காத்திருக்க மட்டுமே முடிந்தது. எல்லாவற்றையும் கலமே செய்து முடித்தது. 2021 பிப்ரவரி 9 அன்று, இந்தியாவைப் போலவே ஐக்கிய அரபு அமீரகமும் முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை எட்டியது.

பணம் இருந்தால் எதையும் வாங்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 2014இல் திட்டம் அறிவிக்கப்பட்டபோது அரசு போட்ட நிபந்தனையே வேறு: கலத்தை விலைக்கு வாங்கக் கூடாது, நம் பொறியாளர்கள் கட்ட வேண்டும்.

அதற்கான பாடம் முன்பே தொடங்கியிருந்தது. இளம் பொறியாளர்கள் தென் கொரியாவுக்குப் போய் அங்குள்ளவர்களோடு சேர்ந்து வேலை பழகினார்கள். அப்படி உருவான ‘துபாய்சாட்-1’ செயற்கைக்கோள் 2009இல் பறந்தது, 2013இல் அடுத்தது. 2018இல் ஏவப்பட்ட ‘கலீஃபாசாட்’ துபாயிலேயே, அமீரகப் பொறியாளர்கள் கையாலேயே உருவானது. கொரியாவில் தொழில் பழகியவர்களில் ஒருவரான ஓம்ரான் ஷராஃப்தான் பின்னர் செவ்வாய்த் திட்டத்தின் தலைவரானார். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் தோள் கொடுத்தது; ஜப்பானின் ராக்கெட் கலத்தைச் சுமந்து சென்றது.

அறிவியல் பொறுப்பை ஏற்ற சாரா அல் அமீரியின் குழு, பிறர் செய்ததையே திரும்பச் செய்யவில்லை. 20,000 முதல் 43,000 கிலோமீட்டர் உயரத்தில், 55 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. இந்த அகன்ற பாதையிலிருந்து செவ்வாயின் காலை, நண்பகல், இரவு என எல்லாப் பொழுதுகளின் வானிலையையும் பார்க்கலாம். கீழே புழுதிப் புயல் வீசும்போது மேலே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எப்படி விண்வெளிக்குத் தப்புகின்றன என்று ஆராயலாம். கிடைத்த தரவுகளை உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

சிறிய நாடுகள் இதில் கவனிக்க வேண்டியது செல்வத்தை அல்ல, வரிசையை. முதலில் ஆட்களைப் பழக்கினார்கள், பிறகு கருவிகளைக் கட்டினார்கள். அடுத்து 2028இல் சிறுகோள் பட்டைக்குக் கலம் அனுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதைக் கட்டும் துணிச்சல், கொரியாவில் மாணவர்களாய் உட்காரத் தயங்காத அந்த இளைஞர்களிடமிருந்து வந்தது.