ஸ்தல ஸ்தாபனத்திலிருந்து மத்திய மந்திரி சபை வரை

கிராமப் பஞ்சாயத்தில் வார்டு அங்கத்தினராக இருக்கும் ஒருவர் ஒரு நாள் டில்லியில் மத்திய மந்திரியாக அமர முடியுமா? இவ்வாறு கேட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பலர் நகைக்கக்கூடும். ஆயினும் கேள்வி நகைப்புக்குரியதன்று. நம் தேச சரித்திரத்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. அவ்விடையைப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்; மேற்பதவியில் ஆசை கொள்வதற்காக அன்று, தாம் இன்று வகிக்கும் பதவியின் மதிப்பை உணர்வதற்காக.

சட்டம் வகுத்த வழி

பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க 21 வயது நிரம்பியிருத்தல் போதும். சட்டசபைக்கும் லோக்சபைக்கும் 25 வயதும், ராஜ்யசபைக்கு 30 வயதும் வேண்டும். மத்திய மந்திரியாகிறவர் பார்லிமெண்டின் இரு சபைகளுள் ஒன்றில் அங்கத்தினராக இருக்க வேண்டும். இல்லையேல் பதவியேற்ற ஆறு மாதங்களுக்குள் ஆகிவிட வேண்டும். மந்திரிகளிலும் படிநிலை உண்டு. முக்கியக் கொள்கைகளைக் கூடி முடிவு செய்பவர்கள் காபினெட் மந்திரிகள். இணை மந்திரிகள் அவர்களுக்கு அடுத்த நிலையினர்.

நம் வட்டாரத்து உதாரணங்களால் இது விளங்கும். 1999-ஆம் ஆண்டில் திண்டிவனம் தொகுதியிலிருந்து லோக்சபைக்குச் சென்ற செஞ்சி என். ராமச்சந்திரன் வாஜ்பாய் அவர்களின் ஆட்சியில் இணை மந்திரியாக இருந்தார். திண்டிவனத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த ச. ராமதாஸ் அவர்களின் புதல்வர் அன்புமணி ராமதாஸ் 2004 மே மாதத்தில் காபினெட் மந்திரியாகப் பதவியேற்று, 2009 வரை சுகாதார இலாகாவை வகித்தார்; ராஜ்யசபைக்கு அவர் வந்ததும் அந்த 2004-ஆம் ஆண்டிலேயே. திண்டிவனம் என்ற லோக்சபைத் தொகுதி பின்னர் மறைந்து, 2009 தேர்தல் முதல் விழுப்புரம் தனித் தொகுதி ஏற்பட்டது.

ஆகவே, மந்திரியாவதற்கு முன்பு பஞ்சாயத்திலோ நகரசபையிலோ பணியாற்றியிருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது தெளிவு. அங்ஙனமாயின் ஸ்தல ஸ்தாபனப் பணியால் விளையும் பயன் யாது? இதற்குச் சேலத்திலிருந்து விடை கிடைக்கிறது.

சேலம் நகரசபைத் தலைவர்

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாகத் தொழில் புரிந்தார். 1911-இல் சேலம் நகரசபையில் அங்கத்தினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகரசபையில் அங்கத்தினரானது அவர் தலைமையில்தான். அதற்கு அவரே துணை நின்றார். ஜாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்நாளில் அது எளிய செயலன்று.

பின்னர் காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தை நடத்தினார். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1946-இல் டில்லியில் அமைந்த இடைக்கால சர்க்காரில் இடம் பெற்றார். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1950 டிசம்பரில் சர்தார் படேல் மறைந்ததும், அவர் வகித்த உள்நாட்டு இலாகாவை ஏற்று 1951 அக்டோபர் வரை மத்திய மந்திரியாகப் பணிபுரிந்தார்.

இவர் ஒருவர் மட்டுமல்லர். 1950-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராயிருந்த ராஜேந்திர பிரசாத் பாட்னா நகரசபைக்குத் தலைமை வகித்தவர். பிரதமர் நேரு 1923 முதல் 1925 வரை அலகாபாத் நகரசபைத் தலைவர். படேல் 1924 முதல் 1928 வரை ஆமதாபாத் நகரசபைத் தலைவர். குடியரசு பிறந்தபோது அதன் உயர்ந்த மூன்று பொறுப்புகளிலும் நகரசபைத் தலைவர்களாயிருந்தவர்களே வீற்றிருந்தனர்!

அங்கே கற்ற பாடம்

நகரசபை என்பது சிறிய சர்க்காரேயாகும். குழாயில் தண்ணீர் வராவிடில் மக்கள் நேரே வந்து கேட்பர். சாக்கடை தேங்கினால் தலைவர் வீட்டு வாசலிலேயே முறையிடுவர். வரியை உயர்த்தினால் முணுமுணுப்பு எழும். உயர்த்தாவிடில் பணி நின்றுபோகும். வரவுக்குள் செலவை அடக்கும் வித்தையை இங்கே கற்பதுபோல் வேறெங்கும் கற்க இயலாது.

ராஜாஜி 1937 அக்டோபர் முதல் தேதியன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போனால் கஜானாவின் கதி என்ன? அதற்கு ஈடாக 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஒரு வருவாயை விடுமுன் மற்றொன்றைத் தேடவேண்டும் என்பது நகரசபைக் கணக்கு கற்பிக்கும் முதற் பாடமன்றோ! கடன் சுமையில் வாடிய குடியானவர்களுக்காக 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் அவர் காலத்தில் இயற்றப்பட்டது.

கலந்து பேசாமையின் விளைவு

ஆயினும் அவரது வாழ்க்கை எச்சரிக்கையாகவும் அமைந்தது. 1952-இல் மீண்டும் சென்னையில் முதன்மந்திரியான அவர், மறு ஆண்டில் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதியதொரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். சட்டசபையையும் தம் கட்சியினரையும் முன்கூட்டிக் கலவாமலே அதனை அறிவித்தார். தகப்பன் தொழிலே மகனுக்கும் என்று ஜாதி முறையை நிலைநிறுத்தும் திட்டம் இது என நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் அவர் பதவியை விட்டு விலகினார். அடுத்து வந்த காமராஜ் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

தேசத்தின் தலைமைப் பதவியையே வகித்த அறிவாளியாயினும், மக்களைக் கேளாமல் செய்த காரியம் நிலைக்கவில்லை. வார்டு அங்கத்தினர் ஒருவர் தெருவாரைக் கேளாமல் கிணறு வெட்ட இடம் குறித்தால் என்ன நேருமோ, அதுவே அங்கும் நேர்ந்தது.

பதவி ஏணியன்று

ராஜாஜியின் வரலாற்றில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அதன்பின் மந்திரியாகவும், அதற்கும் பின் ராஜ்ய முதன்மந்திரியாகவும் வேலை செய்ய இசைந்தார். மேலிருந்து கீழே வந்தோமே என்று அவர் தயங்கவில்லை.

நம் அருகிலேயே திண்டிவனத்தையடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியாரையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அவர் சென்றது டில்லிக்கன்று. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். கோயில் நுழைவுச் சட்டமும், தேவதாசி ஒழிப்புச் சட்டமும், ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் நிறைவேறின. பதவி நீங்கியபின் வடலூரில் வள்ளலார் வழியில் நின்று கல்விப் பணியில் ஈடுபட்டார். நாற்காலி போனது; மதிப்புப் போகவில்லை.

நம் பஞ்சாயத்தில் செய்ய வேண்டியவை

அந்நாளைய தலைவர்கள் பயின்றவை நகரசபைகள். அன்று கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் மிகக் குறைவு. 1993-இல் அமலுக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின்னரே அவற்றுக்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகைக்கேற்ப இடங்கள் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி இடங்கள் என 2016-இல் சட்டம் செய்யப்பட்டது. விழுப்புரம் ஜில்லாவில் 2021 அக்டோபரில் நடந்த தேர்தலும் இந்த ஒதுக்கீட்டின்படியே நடைபெற்றது.

எனினும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் நாற்காலியில் அமர முடியவில்லை, மற்றொருவர் தேசியக் கொடி ஏற்ற முடியவில்லை என்னும் செய்திகள் 2020-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் வெளிவந்தன. பெண் தலைவரின் பெயரால் கணவர் கையெழுத்து முதற்கொண்டு யாவற்றையும் நடத்தும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. இத்தகைய ஊர்களில் இழப்பு அந்தத் தலைவருக்கு மட்டுமன்று. நாளை சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நமக்காகப் பேசக்கூடிய ஒருவர், பயிற்சி பெறுமுன்பே தடுக்கப்படுகிறார். சேலத்தில் அந்நாளில் திறக்க முடிந்த கதவை நாம் இன்று அடைத்தல் தகுமா?

ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வரவு செலவுக் கணக்கைத் தாமே படித்தறிய வேண்டும். கிராமசபையில் எழும் கேள்விக்கு எழுந்து நின்று விடை கூறப் பழக வேண்டும். புதிதாய் வந்த பெண் அங்கத்தினரும், சேரிப் பகுதி அங்கத்தினரும் பேசும்போது மற்றவர்கள் பொறுமையுடன் செவிசாய்த்தல் வேண்டும். தீர்மானத்தை நிறைவேற்றுமுன் அதனால் பாதிக்கப்படுவோரைக் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வாறு பணியாற்றுவோரில் யாரோ ஒருவர் டில்லி வரை செல்லலாம், பலர் செல்லமாட்டார்கள். செல்லாதோர் உழைப்பும் வீணாவதில்லை. ஊருக்குத் தண்ணீரும், தெருவுக்கு விளக்கும், ஏழைக்கு நியாயமும் அவர்களாலேயே கிட்டுகின்றன.