நெய்வேலி நகரியமும் வாழ்நாள் கற்றலும்: தமிழ் மின்னணுக் கருவிகளின் பயன்பாடு

ஆய்வுச் சுருக்கம்

நெய்வேலி நகரியத்தில் பள்ளி, கல்லூரி, நூலகம், புத்தகக் கண்காட்சி எனக் கற்றலுக்கான வாய்ப்புகள் பல உள்ளன. எனினும் அவை இடத்தோடும் நேரத்தோடும் பணியோடும் பிணைந்தவை. ஷிப்டு முறையில் உழைப்போர், பணி ஓய்வு பெற்றுக் குடியிருப்பை விட்டு வெளியேறுவோர், சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த சிற்றூர்களின் இளைஞர் ஆகியோரை அவ்வாய்ப்புகள் முழுமையாகச் சென்றடைவதில்லை. தமிழில் இன்று கிடைக்கும் மின்னணுக் கருவிகள் இவ்விடைவெளியை எவ்வாறு குறைக்கும், எந்நிலையில் குறைக்கத் தவறும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கருவியைத் தேர்வதற்கு அதன் புதுமையைவிடக் கற்பவரின் வாழ்நிலையே அளவுகோலாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, வாழ்நாள் கற்றல், ஒருங்குறி, தமிழ் இணையக் கல்விக்கழகம், கலைச்சொல், திறந்தநிலைப் பாடம்

முன்னுரை

கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடாக, எவ்வூரும் தன்னூராக அமையும்போது, ஒருவன் சாகும்வரை கல்லாமல் காலம் கழிப்பது ஏன் என்று திருக்குறளின் 397ஆம் குறள் வினவுகிறது. கல்வியை இளமைப் பருவத்திற்குள் அடக்காமல் வாழ்நாள் முழுமைக்கும் உரியதாகக் கருதும் எண்ணம் தமிழில் பழைமையானது என்பதற்கு இது சான்று. 1996இல் யாக் தெலோர் தலைமையிலான குழு யுனெஸ்கோவிற்கு அளித்த அறிக்கை, அறியக் கற்றல், செய்யக் கற்றல், சேர்ந்து வாழக் கற்றல், தாமாக இருக்கக் கற்றல் என நான்கு தூண்களை வகுத்து, வாழ்நாள் கற்றலை உலகக் கல்விச் சிந்தனையின் மையத்தில் வைத்தது.

கற்க வேண்டும் என்னும் விருப்பம் ஒன்று. கற்பதற்கு நேரமும் இடமும் வாய்ப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் காண்பதற்குக் கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி ஏற்ற களமாகும்.

நெய்வேலியில் கற்றலின் அமைப்பு

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி வரலாற்றின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என மாறியது.

சுரங்கத்தோடு உடன் வளர்ந்த நகரியம் வட்டங்களாகப் பகுக்கப்பட்டது. பள்ளிகளும் மருத்துவமனையும் நூலகமும் பின்னர் ஜவகர் அறிவியல் கல்லூரியும் அங்கு அமைந்தன. 1998 முதல் நடைபெற்று வரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி, மாநிலத் தலைநகருக்கு வெளியே வாசிப்புப் பண்பாட்டை வளர்த்த நிகழ்வுகளுள் குறிப்பிடத்தக்கது.

இவ்வளவு வாய்ப்புகள் இருந்தும் மூன்று தரப்பினர் அவற்றின் விளிம்பில் நிற்கின்றனர். முதலாமவர் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு முறையில் உழைப்போர். இரவுப் பணி முடித்து உறங்குபவருக்குப் பகல் நேர வகுப்பும், பிற்பகல் பணிக்குச் செல்பவருக்கு மாலை நேர நூலகமும் பயன்படா. பணிமுறை மாறிக்கொண்டே இருப்பதால் நிலையான கால அட்டவணையில் அமைந்த எப்பயிற்சியையும் அவர் தொடர்ந்து பின்பற்ற இயலாது.

இரண்டாமவர் ஓய்வு பெற்றோர். நகரியத்தின் வீடு பணியோடு சேர்ந்தது; பணி முடியும்போது வீட்டையும் விட வேண்டும். பல ஆண்டுகள் பழகிய நூலகமும் வாசக நண்பர்களும் அத்துடன் விலகுகின்றனர். மூன்றாமவர் சுற்றுப்புறச் சிற்றூர்களில் வாழும் நிலம் கொடுத்த குடும்பங்களின் இளைஞர். நிலத்திற்கு ஈடாக வேலை என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. பட்டப் பொறியாளர் பணியிடங்களுக்கோ கேட் என்னும் அனைத்திந்தியத் தேர்வின் மதிப்பெண் அடிப்படையில் ஆள் எடுக்கப்பட்டுள்ளது. ஆகவே அவ்விளைஞர்க்குக் கற்றல் வாழ்வாதாரம் பற்றிய வினாவாகிறது.

கிடைக்கும் கருவிகள்

தமிழில் மின்னணுக் கற்றலுக்கான அடித்தளம் கால்நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி தொடங்கிய அதே 1998இல், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பின்னர்ப் பெயர் மாறிய அந்நிறுவனம், மழலைக் கல்வி முதல் பட்டம் வரையிலான பாடங்களையும் மின்னூலகத்தையும் வழங்குகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை இலட்சம் கட்டுரைகளைக் கடந்துள்ளது.

பள்ளிக் கல்வியில் 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்கள் விரைவுக் குறியீடுகளைத் தாங்கி வந்தன. கைபேசியால் குறியீட்டை வருடினால் தீக்ஷா தளத்திலுள்ள காணொலி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் வெளியான மணற்கேணி செயலி, தோண்டத் தோண்ட நீர் ஊறும் கேணியைக் கல்விக்கு உவமையாக்கிய குறளிலிருந்து பெயர் பெற்றது. நிலத்தைத் தோண்டியே வாழ்வு கண்ட நெய்வேலிக்கு அப்பெயர் மிகவும் பொருந்துவதாகும்.

உயர்கல்வியில் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் பொறியியல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் தேர்வெழுதுவர். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்க்குச் சென்னை கிண்டியிலுள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் தமிழிலும் பாடநூல்களை உருவாக்கி வருகிறது. தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சிகளை மாணவர்க்குக் கொண்டு செல்கிறது.

இப்பட்டியலை நோக்கக் கருவிப் பஞ்சம் இல்லை என்பது புலனாகும். கருவி கற்பவருக்கு உதவுவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதல் நிபந்தனை: தேடத்தக்க தமிழ்ப் பனுவல்

ஆசிரியர்கள் பகிரும் பாடக்குறிப்புகளுள் பல, தாள்களை ஒளிப்படமாக எடுத்த கோப்புகளாகவே உள்ளன. மனிதக் கண்ணுக்கு அவை எழுத்து; கணினிக்கோ வெறும் படம். அதனுள் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வைக் குறைபாடுடையோர்க்கு உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதனைப் படிக்காது. கோப்பின் அளவும் பெரிதாகும்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகளுக்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினியில் பதிவாகிறது. அவ்வெழுத்துரு இல்லாத கைபேசியில் அது பொருளற்ற எழுத்துக் கூட்டமாகத் தோன்றும். ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தமிழுக்கே உரிய எண்களைப் பெற்றிருப்பதால், எக்கருவியிலும் தமிழாகவே நிற்கும், தேடலுக்கும் அகப்படும். 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. எனவே பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதும், படக் கோப்புகளை ஒளிவழி எழுத்துணரி கொண்டு பனுவலாக்கிப் பிழை திருத்துவதும், தமிழ்த்துறையினர் பெருஞ்செலவின்றி ஆற்றத்தக்க முதற்பணியாகும். தட்டச்சு பழகாதவர் தமிழில் பேசியே தேடலாம்; ஆனால் தேடப்படும் பொருள் பனுவலாக இருந்தால்தான் அக்குரலுக்கு விடை கிடைக்கும்.

இரண்டாம் நிபந்தனை: உழைப்பவரின் சொல்

சுரங்கத் தொழிலாளி தம் பணியைப் பேசும்போது பெல்ட், பக்கெட் வீல், ஷிப்டு என்ற சொற்களையே ஆள்கிறார். பாடநூலோ தூய கலைச்சொற்களை ஆள்கிறது. தொழிலாளி தாம் அறிந்த சொல்லைக் கொண்டு தேடினால் தமிழ்ப் பாடம் கிட்டுவதில்லை. ஆங்கிலப் பக்கங்களே கிட்டுகின்றன. தமிழில் இப்பொருள் இல்லை என்று அவர் கருதிவிடுகிறார்.

இதற்குத் தீர்வு கலைச்சொல்லைக் கைவிடுவதாகாது. பாடத்தின் முதல் வரியிலேயே வழக்குச் சொல்லையும் கலைச்சொல்லையும் அருகருகே தர வேண்டும். அப்போது தேடல் இரண்டையும் கண்டடையும். கற்பவரும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு இயல்பாகச் செல்வார். தமிழ் விக்சனரி, அரசின் சொற்குவைத் தளம் ஆகியன இதற்குத் துணையாகும். தொழிற்களச் சொற்களைத் தொழிலாளரிடமிருந்தே திரட்டி அவற்றுடன் சேர்ப்பது தமிழாய்வு மாணவர்க்கு ஏற்ற கள ஆய்வாகும்.

மூன்றாம் நிபந்தனை: உடன் நிற்கும் ஆசிரியர்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. மிதிவண்டி எழுத்தறிவுக் கருவி ஆகாது. ஆயினும் பிறர் துணையை எதிர்பாராமல் செல்லும் உரிமையை அது பெண்களுக்குத் தந்தது. அதற்குப் பின்னால் தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பு இருந்தது. கைபேசிக்கும் இது பொருந்தும். கருவி தொலைவைக் குறைக்கும். செல்லும் திசையைக் காட்ட ஆள் வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இணைய வகுப்புகளுக்கு நேர்ந்த இடர்ப்பாடுகள் இதனை உறுதிப்படுத்தின. ஒரு வீட்டில் ஒரே கைபேசி இருந்து, அதையும் தந்தை பணிக்கு எடுத்துச் சென்றால், நேரலை வகுப்பு பிள்ளைக்கு எட்டாது.

ஆகவே ஷிப்டு ஊருக்கு நேரலையைவிடப் பதிவு செய்த சிறு பாடமே ஏற்றது. 15 நிமிடத்திற்கு மிகாத ஒலிப்பதிவு, அதனுடன் ஒருங்குறியில் இரண்டு பக்கக் குறிப்பு, ஐந்து வினாக்கள் என்பது போதுமான அலகாகும். கற்பவர் இணையம் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொண்டு, தமக்கு ஓய்வு வாய்த்த நேரத்தில் கேட்பார். ஐயத்தைக் குரல் செய்தியாக அனுப்புவார். ஆசிரியர் வார இறுதிக்குள் விடை தருவார். ஷிப்டு மாறினாலும் பாடம் அறுபடாமலிருக்க, மாதம் ஒருமுறை நடக்கும் நேர்ச் சந்திப்பை இரு வேறு வேளைகளில் அமைத்தல் நலம். கேட் தேர்வுக்குப் பயிலும் சிற்றூர் இளைஞர்க்கு என்.பி.டி.இ.எல். பாடத்தை ஆங்கிலத்தில் கேட்கும் முன்னர் அதன் கருத்தைத் தமிழில் விளக்கும் முன்னுரைப் பதிவு பெருந்துணை செய்யும்.

கற்பவரே கற்பிப்பவராதல்

ஓய்வு பெற்றோர்க்கு மேலும் ஒரு பங்கு உண்டு. நிலத்தடி நீரை வெளியேற்றிக்கொண்டே சுரங்கம் வெட்டும் நெய்வேலித் தொழில்நுட்பம் அவர்களின் பட்டறிவில் பொதிந்துள்ளது. சுரங்கத்திற்காக இடம்பெயர்ந்தோர் நினைவில் ஊர்ப்பெயர்களும் கோயில்களும் ஏரிகளும் வாழ்கின்றன. மண்ணில் அழிந்த அவ்வூர்கள் நினைவிலிருந்தும் அழியும் முன் பதிவு பெற வேண்டும்.

ஆவணமாக்கலுக்கு ஈழத்தில் முன்மாதிரி உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட இழப்பை அறிந்த சமூகத்தில், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர் உழைப்பால் மின்னாவணங்களாக்கி வருகிறது. அம்முறையில் நெய்வேலியில் மாணவர் கைபேசியால் முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். அதை எழுத்தாக்கி, உரியவரின் இசைவுடன் பொதுத்தளத்தில் ஏற்றலாம். அச்சுச் சான்றுள்ள செய்திகளை விக்கிப்பீடியாக் கட்டுரைகளாக்கலாம். இப்பணியில் மாணவர் மொழித்திறன் பெறுகிறார். முதியவர் கருவிப் பயிற்சி பெறுகிறார். ஊர் தன் வரலாற்றைப் பெறுகிறது.

நிறைவுரை

நெய்வேலியில் கற்றல் வாய்ப்புகள் பணியோடும் குடியிருப்போடும் பிணைந்திருப்பதால், அவ்விரண்டிற்கும் வெளியே நிற்போர் அவற்றை இழக்கின்றனர். மின்னணுக் கருவிகளின் மெய்யான பயன் இப்பிணைப்பைத் தளர்த்துவதாகும். அதற்குத் தேடத்தக்க ஒருங்குறிப் பனுவல், உழைப்போரின் வழக்கோடு இணைந்த கலைச்சொல், விடை தரும் ஆசிரியர் ஆகிய மூன்றும் ஒருசேர வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் விலையுயர்ந்த செயலியும் பயனற்றுப் போகும். இம்மூன்றையும் நிறைவேற்றுவதற்கு வேண்டிய மொழியறிவு தமிழ்த்துறைகளிடமே உள்ளது. நிலம் கொடுத்த வீட்டு இளைஞர் தேர்வுக் கூடத்திற்குள் நம்பிக்கையோடு நுழைவதில் அத்துறைகளுக்கும் பங்குண்டு என்பதை உணர்ந்து, கல்லூரிகள் தம் அண்டைச் சிற்றூர்களிலிருந்து இப்பணியைத் தொடங்குதல் தகும்.